வெள்ளைக் கோடு மேலே

"பாஸ், ஒரு சந்தேகம். கொலை விழுந்தா நம்மளக் கூப்பிடுவாங்க. நகை காணாமப் போனா கூப்பிடுவாங்க. பியர் கலங்கிப் போச்சுன்னு கூப்பிட்டிருக்கிறது இதுதானே முதல் தடவை?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு, கமீல்."

"ரோட்டைத்தான் பாக்கறேன். அதுதான் என்னைப் பாக்க மாட்டேங்குது."

மார்ச் மாதத்து மூடுபனி ஸென்னே ஆற்றிலிருந்து எழுந்து வயல்களையும் வேலிகளையும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. பழைய சித்ரோன் கார் அதற்குள் முகர்ந்து முகர்ந்து நகர்ந்தது. ஓட்டியவன் கமீல். நாற்பத்திரண்டு வயது, முன்னாள் சைக்கிள் பந்தய வீரன். ஜெயித்த பந்தயம் ஒன்றும் கிடையாது. கீழே விழுந்த பந்தயங்களை மட்டும் தேதியோடு சொல்வான். பக்கத்தில், மடியில் கைப்பையோடு லுட்கார்ட் பாவெல்ஸ். இருபத்தாறு வருடம் கலால் துறையில் பியர்க்காரர்களின் பொய்களை அளந்தவள். இப்போது ஹாலே நகரத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்து மற்றவர்களின் பொய்களையும் அளக்கிறாள்.

"தெரிஞ்சதை இன்னொரு தடவை சொல்லு."

"ஓல்பேக் கிராமம். சிரீல், எழுபத்தோரு வயசு. வருஷக்கணக்கா பீப்பாய்ல கிடந்த பழைய பியரையும் இளசையும் ருசி பாத்துக் கலந்து, கூஸ்ங்கற புளிப்பு பியரா பாட்டில்ல அடைக்கறவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துலேர்ந்து ஆளைக் காணோம். புதன்கிழமை காலையில கால்வாய்க் கரையில அவரோட கோட்டு. அதுவும் மடிச்சு வெச்சிருக்கு."

"மடிச்சு."

"அதனால குதிச்சிட்டார்னு போலீஸ் முடிவு பண்ணிடுச்சு. நாலு நாளா கொக்கி போட்டுத் துழாவறாங்க. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு நிறுத்திடுவாங்க. அப்புறம் அவர் சம்சாரம் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடணும். புருஷன் தானாவே உயிரை விட்டுட்டார்னு."

"போட்டுட்டா அப்புறம் யாரும் தேட மாட்டாங்க."

"தேட மாட்டாங்க. அந்தம்மா போட மாட்டேங்கறாங்க. ஏன்னா நேத்து பியர் கலங்கிப் போச்சாம்." கமீல் கண்ணாடியைத் துடைத்தான். "பாஸ், எங்க வீட்ல யாராவது போனா நாங்கதான் கலங்குவோம். பியர் தெளிவாத்தான் இருக்கும்."

லுட்கார்ட் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தே முக்கால்.

* * *

"உள்ள வாங்க. கால் துடைக்க வேணாம். துடைச்சு யாருக்குக் காட்டணும்?"

கதவைத் திறந்த மதில்ட் ஒல்லியான, நிமிர்ந்த கிழவி. கண் மட்டும் நாலு நாளாகத் தூங்காத கண். சமையலறை மேஜையில் முள்ளங்கி அரிந்து, வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவி, யாரும் தொடாத ரொட்டி. அதன் பக்கத்தில் ஒரு காகிதம், ஒரு பேனா.

அடுப்பு ஓரத்தில் சாய்வு நாற்காலியில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம்.

"இவர் ஃபிர்மின். பீப்பாய் செய்யறவர். என் வீட்டுக்காரருக்கு நாப்பது வருஷ சிநேகிதம். நாலு நாளா போலீசுக்கும் வீட்டுக்கும் இவர்தான் நடக்கறார். அந்தக் காகிதத்தையும் இவர்தான் வாங்கிட்டு வந்தார்."

"யாராவது நடந்துதானே ஆகணும்," என்றார் ஃபிர்மின். கையிலிருந்த கண்ணாடிக் குவளையை விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். 'டிங்' என்ற சத்தம் அடங்கும்வரை கேட்டார். பிறகுதான் குடித்தார்.

"உள்ள யாராவது இருக்காங்களான்னு பாக்கறீங்களா?" என்றான் கமீல்.

"பழக்கம் தம்பி. பீப்பாயைத் தட்டித் தட்டி எதைக் கண்டாலும் தட்டத் தோணுது. என் பெண்டாட்டி இருந்தவரைக்கும் அவ தலையைக் கூடத் தட்டிப் பாத்திருக்கேன்."

"சத்தம் வந்துச்சா?"

"திட்டு வந்துச்சு."

கதவோரம் நின்ற ஆள் மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், கந்தக வாடை, நகத்தைக் கடித்துக் கடித்துச் சிவந்த விரல்கள்.

"இவன் ஒக்டாஃப். என் நாத்தனார் பையன்," என்றாள் மதில்ட். "பீப்பாய் கழுவறது, நிரப்பறது, பாட்டில் அடுக்கறது எல்லாம் இவன்தான்."

"அத்தை, எனக்கு வேலை கிடக்கு."

"நில்லுடா. அஞ்சு நிமிஷம்."

லுட்கார்ட் மேஜையருகே உட்கார்ந்தாள். "நேத்து என்ன நடந்துச்சு, மதில்டம்மா? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை மீன். மீன் அன்னிக்கு அவருக்கு ஒரு பாட்டில். முப்பத்தொம்பது வருஷமா நான்தான் போய் எடுத்துட்டு வருவேன். நேத்தும் போனேன். ஆள் இல்லன்னா என்ன, அவர் இடத்துல தட்டு வெச்சேன், கிளாஸ் வெச்சேன். இடப்பக்கத்து அடுக்குலேர்ந்து எடுத்தேன். ரெண்டு வருஷமா அசையாம கிடக்கிற அடுக்கு. ஒவ்வொரு பாட்டில் மேலயும் சுண்ணாம்புல ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். கோடு மேல பாக்கணும். அப்பத்தான் வண்டல் அடிப்பக்கமா உறைஞ்சு கிடக்கும். எடுக்கறப்பவும் படுத்த வாக்குல, கோடு மேல, கூடையில வெச்சுத் தூக்கணும். நிமித்தவே கூடாது. அப்படித்தான் எடுத்தேன், அப்படித்தான் ஊத்தினேன்." அவள் குரல் இறங்கியது. "முதல் கிளாஸே கலங்கல். பார்லிக் கஞ்சி மாதிரி. என் கையில இது வரைக்கும் ஒரு பாட்டில் கலங்கினதில்ல. அப்பவே தெரிஞ்சு போச்சு, அவர் போயிட்டார்னு. ஆனா தானாப் போகலை. தானாப் போயிருந்தா பியர் ஏன் அழணும்?"

"எங்க அப்பா கூடச் சொல்வார்," ஃபிர்மின் மெல்லச் சொன்னார். "வீட்டுக்காரன் போனா முதல்ல நிலவறைக்குத்தான் தெரியும்னு. மதில்ட், பியரே சொல்லிடுச்சு. கையெழுத்தைப் போட்டு அவனை நிம்மதியா விடு. பன்னெண்டு மணிக்கு வந்து காகிதத்தை வாங்கிக்கிறதா போலீஸ் சொல்லியிருக்கு."

"கோட்டுப் பையில என்ன இருந்துச்சு?" என்றாள் லுட்கார்ட்.

"கைக்குட்டை. வேற ஒண்ணும் இல்ல."

"ருசி பாக்கறவர். சுண்ணக்கட்டி வெச்சிருக்க மாட்டாரா?"

"அது கால்சட்டைப் பையில. தக்கைத் திருகி இடுப்புல. தூங்கறப்போ மட்டும்தான் ரெண்டையும் கழட்டுவார்."

"ருசி எழுதற நோட்டு இருக்குமே?"

ஒக்டாஃப் அலமாரியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். கை நடுங்கியதோ, குளிரோ. லுட்கார்ட் கடைசிப் பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"'செவ்வாய். பீப்பாய் 12: எலுமிச்சைத் தோல். ஈர வைக்கோல். குதிரை லாயம், ஆனால் சுத்தமான லாயம். நாக்கின் ஓரம் சுருங்குகிறது, நடு நாக்கு சிரிக்கிறது. இன்னும் ஒரு குளிர்காலம் தூங்கட்டும். பீப்பாய் 19: வால்நட் தோல். பழைய புத்தகம். தயார். பீப்பாய் 31...'"

நிறுத்தினாள்.

"படிங்க," என்றாள் மதில்ட்.

"'பீப்பாய் 31: ஓக் மரத்துக்கு அடியில் மண்ணெண்ணெய். இரண்டு தடவை குடித்தேன். சந்தேகமே இல்லை. எட்டு மாதத்து பியர் பாழ். இன்று மாலையே அவனிடம் கேட்டுவிடுகிறேன்.'"

அடுப்பில் நிலக்கரி ஒன்று வெடித்தது. ஃபிர்மின் தலையைத் திருப்பி ஒக்டாஃபைப் பார்த்தார். வருத்தத்தோடுதான் பார்த்தார்.

"பீப்பாயைக் கழுவறது யாருப்பா, ஒக்டாஃப்?"

"நான்தான். ஆனா மாமா என்கிட்ட ஒண்ணுமே கேக்கலை! செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் புறாப் பந்தய கிளப்ல இருந்தேன். பத்து மணிக்கு வந்தேன். வீடு இருட்டு."

"நான் ஹாலேல அக்கா வீட்ல," என்றாள் மதில்ட். "மறுநாள்தான் வந்தேன்."

"ஆக, வீட்ல சிரீல் மட்டும்." லுட்கார்ட் எழுந்தாள். "நிலவறையைப் பாக்கணும். ஒக்டாஃப், விளக்கை எடு. கமீல், நீயும் வா."

"பியர் பாக்கவா, குடிக்கவா?"

"ரெண்டும்."

"இப்பதான் பாஸ் நீங்க துப்பறியறீங்க."

* * *

நிலவறைக்கு இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படிக்கும் குளிர் ஒரு சுற்று இறுகியது. சிலந்திக் கூடுகள் கூரையிலிருந்து பழந்துணி போலத் தொங்கின. இங்கே யாரும் அதைக் கலைப்பதில்லை. பியருக்கு வரும் ஈயைப் பிடிக்கும் சம்பளமில்லாத வேலைக்காரர்கள் அவை.

இரண்டு பக்கமும் இரண்டு அடுக்கு. மார்பு உயரத்துக்குப் படுத்துக் கிடந்த கரும்பச்சை பாட்டில்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைக் கோடு. கோட்டின் மேல் இரண்டு வருடத் தூசி.

"போலீஸ் இங்க வந்தாங்களா?"

"வந்தாங்க. ஃபிர்மின் மாமாதான் விளக்குப் பிடிச்சார். தூசியைப் பாத்தாங்க. யாரும் தொடலைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

"ரெண்டு அடுக்கும் ஒரே பியரா?"

"ஒரே நாள்ல போட்டது. ஒரே கலவை. வலப்பக்கம் முந்நூறு, இடப்பக்கம் முந்நூறு."

"ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு எடு. உங்க அத்தை எடுக்கற மாதிரி."

ஒக்டாஃப் எடுத்தான். அவன் கையில் நடுக்கம் இருந்த இடம் தெரியவில்லை. தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பவன் போல, சாய்க்காமல், உருட்டாமல், கோடு மேல் பார்க்கக் கூடையில் வைத்தான். படுத்த வாக்கிலேயே தக்கையைத் திருகினான். முதலில் வலப்பக்கத்து பாட்டில்.

கிளாஸில் பழைய தங்கம் இறங்கியது. விளக்கை அதற்குப் பின்னால் பிடித்தால் சுவரில் பூசிய சுண்ணாம்பின் விரிசல்கூடத் தெரிந்தது.

பிறகு இடப்பக்கத்து பாட்டில். அதே கை, அதே மெதுவு. கிளாஸில் பார்லிக் கஞ்சி.

"அத்தை சொன்னது நிஜம்," என்று முணுமுணுத்தான் ஒக்டாஃப். ஒரு அடி பின்வாங்கினான்.

"குடி, கமீல். ரெண்டையும். என்ன தெரியுதோ சொல்லு."

கமீல் தெளிந்ததை ஒரு வாய் உறிஞ்சினான். இடது கண் தானாக மூடிக்கொண்டது. "பாஸ், இது பியர் இல்ல, பழிவாங்கல். யாரோ எலுமிச்சையை நறுக்கிக் குதிரை லாயத்துல வெச்சுட்டு மறந்துட்டாங்க. பச்சை ஆப்பிள் இருக்கு. கடிச்சா பல்லு கூசற ஆப்பிள். அப்புறம்... இருங்க... கடைசியில கட்டை. துவர்ப்பா வந்து கதவைச் சாத்திட்டுப் போகுது. அடடே. இன்னொரு வாய் குடிக்கலாமா?"

"இப்போ கலங்கினதைக் குடி."

"அதே எலுமிச்சை. அதே குதிரை. ஆனா குதிரை மேல கம்பளி போத்தியிருக்கு. வேகாத ரொட்டி மாவு. நாக்கு மேல சேறு."

லுட்கார்டும் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்தாள். ருசி பார்க்கும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. கலால் துறை கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

"ஒரே பியர்," என்றாள். "கெட்டுப் போகலை. அழவும் இல்லை. ஒண்ணு தூங்குது. இன்னொண்ணைத் தூக்கத்துல தட்டி எழுப்பியிருக்காங்க. ஒக்டாஃப், வண்டல் ஒரு தடவை கலைஞ்சா மறுபடி உறைய எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு வாரமாவது..." என்றவன் பாதியில் நின்றான்.

"அப்போ இந்த ரெண்டு வாரத்துக்குள்ள இந்த அடுக்கை யாரோ பிரிச்சு மறுபடி அடுக்கியிருக்காங்க. எவ்வளவு ஜாக்கிரதையா! ஒவ்வொரு பாட்டிலும் கோடு மேல. அதனால தூசியும் இருந்த இடத்துலயே மேல. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள இருக்கிற வண்டல் மட்டும் பொய் சொல்லாது."

"நான் அடுக்கியிருந்தா கோடு எட்டுத் திசையும் பாத்திருக்கும்," என்றான் கமீல். "இது தெரிஞ்ச கை, பாஸ்."

"தெரிஞ்ச கைதான்."

இரண்டு பேரும் ஒக்டாஃபைப் பார்த்தார்கள். கமீல் சத்தமில்லாமல் நகர்ந்து படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றான். பீப்பாய்க்கு அடைப்பு அடிக்கும் மரச்சுத்தியல் ஒன்று சுவரோரம் கிடந்தது. ஒக்டாஃபின் கைக்கு எட்டும் தூரம்தான்.

"இந்த அடுக்குக்குப் பின்னால என்ன இருக்கு?" என்றாள் லுட்கார்ட்.

"பழைய... பழைய பனிக்கட்டி அறை. தக்கை வெச்சு அடைச்ச கனத்த கதவு. மாமாவோட அப்பா கலந்த பாட்டிலுங்க கொஞ்சம் உள்ள இருக்கு. இந்த அடுக்கு தீர்ற வரைக்கும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. ரெண்டு வருஷமா யாரும்..." அவன் வாயைப் பொத்திக்கொண்டான். "கடவுளே. நான் இல்ல. மேடம், சத்தியமா நான் இல்ல. மாமா என்னைத் திட்டுவார், நான் அவரைத் திட்டுவேன். ஆனா நான் இல்ல."

லுட்கார்ட் விளக்கை வாங்கி அடுக்கின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள். வரிசைக்கு வரிசை நடுவே மரச்சட்டம். சட்டம், சட்டம், சட்டம். சுவரோரத்தில், கடைசி பாட்டிலுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் விரல் நுழையும் இடுக்கு. அதில் எதையோ மடித்துச் செருகியிருந்தது. இரண்டு விரலால் இழுத்தாள். காய்ந்த இலை, பட்டையாக, வைக்கோல் நிறத்தில். கீழ் வரிசையிலும் ஒன்று. அதற்குக் கீழேயும்.

"இது நீ வெச்சதா?"

ஒக்டாஃப் குனிந்து பார்த்தான். "நாணல். நாங்க இதை வெக்க மாட்டோமே. பாட்டிலுக்கு எதுக்கு நாணல்? ஓரத்துல இடுக்கு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுடுவோம். நாணல் வெக்கறது பீப்பாய்க்கு. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒழுகாம இருக்க..."

அவன் முகம் வெளுத்தது.

"இடுக்கைக் கண்டா அடைக்காம விட முடியாத கை," என்றாள் லுட்கார்ட். "நாப்பது வருஷமா இந்த வீட்டுக்கு வந்து போற கை. கோடு எந்தப் பக்கம் பாக்கணும்னு பாத்தே பழகின கை. ஒக்டாஃப், முப்பத்தொண்ணாம் பீப்பாய் எங்கேர்ந்து வந்துச்சு?"

"போன வருஷம் ஃபிர்மின் மாமா கொண்டு வந்தார். ஒயின் வெச்சிருந்த பீப்பாய்னு சொன்னார்."

"மண்ணெண்ணெய் வெச்சிருந்த பீப்பாய். சீவித் தேய்ச்சு வித்துட்டார். அதை ஒரு நாக்கு கண்டுபிடிச்சிடுச்சு. அந்த நாக்கு வெளிய சொன்னா, இந்தப் பள்ளத்தாக்குல ஒரு ஆள் அவர்கிட்ட பீப்பாய் வாங்க மாட்டான்."

மேலே, சமையலறைப் பக்கம், நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பாஸ்," என்றான் கமீல். அவன் குரலில் விளையாட்டு இல்லை. "அந்தம்மா மேல தனியா இருக்காங்க. அவனோட."

"மணி என்ன?"

"பதினொண்ணு இருபது."

"மேல போ. ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காரு. நாங்க பாட்டிலை எடுக்கற சத்தம் அவன் காதுல விழக் கூடாது. அவன் வெளிய போகக் கூடாது. அந்தம்மா கையெழுத்தும் போடக் கூடாது. ஜோக் சொல்லு."

கமீல் தலையைச் சொறிந்தான். "பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா ஜோக் சொல்லச் சொல்றீங்க. இப்பப் பாத்து ஒண்ணும் வர மாட்டேங்குது."

"விழுந்த பந்தயத்தைச் சொல்லு."

"எந்த வருஷத்தது?"

"எல்லாத்தையும்."

* * *

கோடு மேலே, கோடு கீழே என்று இப்போது யாரும் பார்க்கவில்லை. ஒக்டாஃப் இரண்டிரண்டாக இழுத்துத் தரையில் வைத்தான். லுட்கார்ட் தன் மேல்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கை கொடுத்தாள். கதவு அகலத்துக்கு ஒதுக்கினால் போதும். கூரைக்கு மேலே கமீலின் குரல் முழங்கியது: மழை, கல் பாவிய ரோடு, முன்னால் போனவன் திடீரென்று பிரேக் பிடித்தது. நடுநடுவே ஃபிர்மினின் கனத்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் ஒக்டாஃபின் கை ஒரு நொடி நின்று நகர்ந்தது.

"செத்திருப்பாரா, மேடம்?"

"எடு."

"நாலு நாள். இந்தக் குளிர்ல."

"பேசாம எடு, ஒக்டாஃப்."

கதவு தெரிந்தது. வெளித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. இரும்பில் துருவுக்கு நடுவே புதுக் கீறல். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

முதலில் வாசம்தான் வந்தது. புளிப்பு. ஈரத் தக்கை. அதற்கும் அடியில் மனித வாசம்.

லுட்கார்ட் விளக்கை உயர்த்தினாள். கதவின் உள்பக்கத்தில், சுவரில், எங்கு பார்த்தாலும் சுண்ணக்கட்டி எழுத்து. கும்மிருட்டில் எழுதிய எழுத்து. ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறிக் கிடந்தது. ஆனால் மேலே அந்த நோட்டில் பார்த்த அதே கை.

'முதல் பாட்டில். அப்பா கலந்தது. எலுமிச்சை போய்விட்டது. தேன் எடுத்த பிறகு மிஞ்சும் தேன்கூடு. ருசி வாயில் நெடுநேரம் நிற்கிறது. மிக நல்லது. தலையில் ரத்தம். யார் அடித்தது என்று பார்க்கவில்லை.'

'கதவில் காது வைத்தால் பாட்டில் சத்தம். எவனோ அடுக்குகிறான். கத்தினேன். குரல் வரவில்லை.'

'இரண்டாவது. நனைந்த கம்பளி, பச்சை ஆப்பிள். அவன் இன்னும் அடுக்குகிறான். ஒவ்வொரு பாட்டிலையும் வைப்பதற்கு முன் விரலால் தட்டுகிறான். பாட்டிலை எவன் தட்டிப் பார்ப்பான்?'

அதற்குக் கீழே, கட்டியை அழுத்தி அழுத்தி:

'தட்டுகிறவனைத் தெரியும். என் கல்யாணத்தில் என் பக்கத்தில் நின்றவன்.'

ஒக்டாஃப் சத்தமில்லாமல் அழுதான். லுட்கார்ட் விளக்கை இறக்கினாள். மூன்றாவது பாட்டில்: 'உப்பு. ஓக். மதில்ட் ஹாலேயிலிருந்து வந்திருப்பாள்.' நான்காவது: 'குளிர். காடி வாசம். காற்று புகுந்த பாட்டில். இதையும் குடித்தேன்.' எழுத்து தரையை நோக்கிச் சரிந்துகொண்டே போனது. கடைசி வரி முழங்கால் உயரத்தில் இருந்தது.

'ஐந்தாவது. புளிப்பு தெரியவில்லை. நாக்கு போய்விட்டது.'

அந்த வரிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, பழைய சாக்கு ஒன்றைப் போர்த்திக்கொண்டு சிரீல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் காய்ந்த கறுப்பு ரத்தம். மடியில் தக்கைத் திருகி. கண் மூடியிருந்தது.

லுட்கார்ட் கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள். ஒன்றும் இல்லை. இடத்தை மாற்றி வைத்தாள். ஒக்டாஃப் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே கமீல் ஏதோ ஒரு மேட்டில் கடைசி ஆளாக ஏறிக்கொண்டிருந்தான்.

"அந்த கிளாஸை எடு," என்றாள் லுட்கார்ட் திடீரென்று. "எது கைக்கு வருதோ அது. உதட்டை நனைக்கணும்."

ஒக்டாஃப் ஓடிப்போய் எடுத்து வந்தான். லுட்கார்ட் விரலைத் தோய்த்து, வெடித்த உதட்டின் மேல் தடவினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை உதடு அசைந்தது. நாக்கு நுனி வெளியே வந்து விரலைத் தேடியது. கிழவரின் புருவம் சுருங்கிற்று. பிடிக்காத எதையோ வாயில் வைத்துவிட்ட சுருக்கம்.

"கலங்கியிருக்கு," என்றார் சிரீல். காகிதம் உரசுவது போன்ற குரல். "எவன்டா என் அடுக்கைத் தொட்டது?"

* * *

லுட்கார்ட் சமையலறைக்குள் வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். கமீல் நாற்காலியில் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தான், தொண்டை கட்டிவிட்டது. மதில்டின் கையில் பேனா. காகிதம் அவள் முன்னால். ஃபிர்மின் அவள் பின்னால் நின்று தோளில் கை வைத்திருந்தார்.

"இங்கதான், மதில்ட். பேர் மட்டும் எழுது. நான் இருக்கேன். இனிமே எல்லாத்துக்கும் நான் இருக்கேன்."

"மன்னிக்கணும், கொஞ்சம் நேரமாயிடுச்சு," என்றாள் லுட்கார்ட். அவள் கையில் ஒரு கூடை. அதில் படுத்த வாக்கில் ஒரு பாட்டில், வெள்ளைக் கோடு மேலே. "மதில்டம்மா, உங்க பியருக்கு ஒரு வியாதியும் இல்ல. இதை வலப்பக்கத்து அடுக்குலேர்ந்து எடுத்தேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவர் பேரைச் சொல்லி ஒரு வாய் குடிச்சிடலாம். மூணு நிமிஷம் இருக்கு."

மதில்ட் பேனாவை வைத்தாள். லுட்கார்ட் மூன்று கிளாஸில் ஊற்றினாள். மெதுவாக. மிக மெதுவாக. தங்கம் போலத் தெளிந்திருந்தது.

"பாத்தியா, மதில்ட்," என்றார் ஃபிர்மின். "தெளிஞ்சிடுச்சு. மனசை ஆத்திக்கோ." கிளாஸைக் கையில் எடுத்தார். "சிரீலுக்கு."

விரல் மடங்கியது. கணு கண்ணாடியைத் தொட்டது.

டிங்.

நிலவறைப் படிக்கட்டின் இருட்டிலிருந்து, கனத்த பூட்ஸ் சத்தத்துக்கு நடுவே, ஒரு குரல் ஏறி வந்தது.

"இன்னும் தட்டிக்கிட்டுதான் இருக்கியா, ஃபிர்மின்?"

மதில்ட் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கமீல் அதற்குள் வெளிக்கதவின் முன்னால் நின்றிருந்தான். இந்தத் தடவை அவன் விழவில்லை. ஃபிர்மின் ஓடவும் இல்லை, திரும்பவும் இல்லை. கையிலிருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒக்டாஃப் மாமாவை முதுகில் சுமந்துகொண்டு நிலவறை வாசலில் வந்து நின்றபோது, மாதா கோயில் மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. கால்வாயில் கொக்கி போடுகிறவர்கள் படகைக் கரைக்குத் திருப்பியிருப்பார்கள். மதில்ட் அந்தக் காகிதத்தை எடுத்தாள். கசக்கவில்லை, கிழிக்கவில்லை. நான்காக மடித்து அடுப்புக்குள் போட்டாள். பிறகு சாய்வு நாற்காலியைக் காலால் இழுத்து நெருப்புக்குப் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க," என்றாள் புருஷனிடம். "நேத்து மீன் ஆறிப் போச்சு."